கன்று கொடுத்த கர்ணர்கள்

வாழையைப் பிடித்த முடிக்கொத்து வைரஸுக்குக் கால் கிடையாது. இறக்கை கிடையாது. கடலில் விழுந்தால் நீந்தவும் தெரியாது. அப்பேர்ப்பட்ட ஒன்று, பசிபிக் கடலில் பிஜித் தீவில் 1889இல் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. நூறு வருஷம் முடிவதற்குள் ஆஸ்திரேலியா, இலங்கை, கேரளம் என்று எல்லா ஊர் ஏட்டிலும் பெயரைப் பதிந்துவிட்டு, பழனி மலைத்தொடரில் ஏறி முருகனின் பஞ்சாமிர்தத்திலேயே கையை வைத்துவிட்டது.

கூட்டிக்கொண்டு வந்தவர்கள் யார்? கொள்ளைக்காரர்கள் இல்லை, கடத்தல்காரர்கள் இல்லை. அத்தனை பேரும் நல்லவர்கள். "நல்ல ரகம் சார், நீங்களும் ஒரு கன்று வைத்துப் பாருங்கள்" என்று கையில் திணித்தவர்கள். உலக வரலாற்றில் வில்லன்கள் செய்த சேதத்துக்குக் கணக்கு இருக்கிறது. தாராள மனசுக்காரர்கள் செய்த சேதத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. இந்தக் கதை அந்த விடுபட்ட கணக்கு.

சேதம் எவ்வளவு என்று தெரிய மயிலாப்பூர் மாட வீதிக்குப் போனால் போதும். கபாலீஸ்வரர் கோயிலில் சிங்காரவேலருக்கு அர்ச்சனை செய்யத் தட்டு வாங்குகிறவர் பழக்கடை அம்மாவிடம் கேட்பார்:

"சிறுமலைப்பழம் இருக்காம்மா?"

"அது எப்பவாச்சும்தான் சார் வரும். இந்தப் பூவனை எடுத்துக்குங்க. சாமிக்கு நல்லாருக்கும்."

சாமிக்கு எது நல்லாயிருக்கும் என்பதைப் பழக்கடை அம்மா முடிவு செய்யவேண்டிய நிலைமை ஏன் வந்தது? திண்டுக்கல் மாவட்டத்துச் சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விளையும் மலைவாழைக்கு ஒரு குணம் உண்டு. பழுத்தால் தோல் கறுத்துச் சுருங்கும். பார்க்க லட்சணமாக இருக்காது. உள்ளே நீர் குறைவு, வாசனை அதிகம். தண்ணீரே சேர்க்காமல் பிசையும் பழனிப் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நிற்பதில் விருப்பாச்சி மலைவாழைக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் இந்த மலைவாழை சுமார் 18,000 ஹெக்டேரில் நின்றது. பிறகு அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பழத்தின் தோல் சுருங்கலாம். தோட்டமே சுருங்கினால்?

கதையை 1835இலிருந்து தொடங்குவோம். அந்த வருஷம் நவம்பரில் இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடி வீட்டுக்குள், மொரீஷியஸ் வழியாக வந்துசேர்ந்த ஒரு குட்டை வாழை பூத்தது. மாளிகைக்காரர் டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ். வளர்த்தவர் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். வளர்த்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு: உலகச் சந்தையில் இன்று பெருவாரியாக விற்கும் வாழைப்பழத்துக்குக் கேவண்டிஷ் என்றே பெயர். அதே 1835இல் சென்னையிலும் துரைமார்கள் கூடி வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பித்தார்கள். கதீட்ரல் சாலையில், பிற்காலத்தில் வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காருக்குள் உட்கார்ந்தபடி தோசை தின்றோமே, அந்தத் தோட்டம் சங்கத்தோடதுதான். வெளியூர்ச் செடியை வரவழைப்பது, நட்டுப் பார்ப்பது, பிழைத்தால் ஊருக்கெல்லாம் கொடுப்பது இதன் வேலை. அந்தக் காலத்தில் பேரரசு முழுக்க இதே வேலையாகத்தான் அலைந்தது. செடிக்குள் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லை.

சாட்ஸ்வொர்த் வாழையின் கன்றுகளை ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் கப்பலில் ஏற்றி சமோவா தீவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அந்த வம்சம் டோங்கா, பிஜி என்று பரவியது. பாதிரியாரோ 1839இல் எர்ரொமாங்கோ தீவில் இறங்கினார். அந்தத் தீவுக்காரர்கள் அவரைக் கொன்று தின்றுவிட்டார்கள். சுவிசேஷம் அன்று எடுபடவில்லை, வாழை எடுபட்டது. அவர் கொண்டுபோன கன்றில் வைரஸ் இருந்ததாக யாரும் சொல்லவில்லை, பாவம் அந்தப் பழியாவது அவருக்கு வேண்டாம். ஆனால் நோய் வந்து விழ வசதியாக, தீவு தீவாக ஒரே ரக வாழையை விரித்துவைத்த புண்ணியத்தில் அவருக்குப் பங்கு உண்டு.

பிஜியில் வாழை ஏற்றுமதி கொழித்த காலத்தில்தான் மரங்கள் விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பித்தன. புது இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டை, குறுகல். விரிந்து சாயாமல் எல்லாம் உச்சியில் நெட்டுக்குத்தாகக் கொத்தாக நின்றன. தார் போடவில்லை. மண்ணில் சத்துப் போய்விட்டது என்றது ஒரு கட்சி, பூஞ்சை என்றது இன்னொன்று, வேரில் புழு என்றது மூன்றாவது. கட்சிகள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தோட்டக்காரர்கள் கன்றுகளைப் பெயர்த்து அடுத்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1913இல் அப்படி ஒரு கன்று ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் இலங்கையிலும் நோய் பதிவானது. ஒரே வருஷத்தில் ரெண்டு தீவில் கிரகப்பிரவேசம்! ஒன்று கண்டமளவு தீவு என்பதால் அங்கே நாசமும் கண்டமளவில் நடந்தது. 1925க்குள் அந்தப் பள்ளத்தாக்கு வாழைத் தோட்டங்களில் பத்துக்கு ஒன்பது பங்கு போயே போய்விட்டது.

சென்னையில் தி.நகர் வரைபடத்திலிருந்து தரையிறங்கி, பனகல் பூங்காவைச் சுற்றி மனை அளந்துகொண்டிருந்த அதே 1920களில், ஆஸ்திரேலியாவில் மேகீ என்ற இளம் ஆராய்ச்சியாளர் நோய் மரத்திலிருந்து அசுவினிப் பூச்சிகளைப் பொறுக்கி நல்ல மரத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி மேய்ப்பதற்குச் சம்பளமா என்று ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். அசுவினி விட்ட மரத்துக்கு நோய் வந்தது. மண்ணுமில்லை, பூஞ்சையுமில்லை, வைரஸ், அதைச் சுமப்பது வாழை அசுவினி என்று 1927இல் எழுதிவைத்தார். மருந்து என்ன? மருந்தே இல்லை. நோய் மரத்தைக் கிழங்கோடு அழி, சோதித்த கன்றை மட்டும் நடு, ஊர் விட்டு ஊர் கன்று கொண்டுபோகாதே. ஆஸ்திரேலியா அதைச் சட்டமாக்கி, வீட்டுக் கொல்லைவரை இன்ஸ்பெக்டரை அனுப்பியது. வாழைத் தோட்டம் திரும்ப எழுந்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? சட்டம் போடுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 1914இலேயே இந்தியா முழுமைக்கும் நாசகாரப் பூச்சிகள் சட்டம் வந்துவிட்டது. 1919இல் சென்னை மாகாணம் தனக்கென்று பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டமும் போட்டது. இரண்டும் கெட்டியான சட்டங்கள். வைரஸுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாததுதான் குறை.

இலங்கைக்கும் நமக்கும் நடுவே அப்போது போக்குவரத்து ஜோர். கர்னல் ஆல்காட் 1882இல் அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு இடம் பிடித்த நாளிலிருந்து கொழும்புக்கும் அடையாற்றுக்கும் நடையாக நடந்தார். ஆனால் அவர் கொண்டுவந்தது பௌத்தம் மட்டும்தான். 1914க்குப் பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் தமிழர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, குளிப்பாட்டி, ஊசி போட்டு, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். மனிதனுக்கு இவ்வளவு கெடுபிடி. அந்தப் பக்கத்திலிருந்து வந்த வாழைக்கன்றுக்கு ஒரு கெடுபிடியும் இல்லை. 1940களில் அது கேரளத்தில் இறங்கி, நேந்திரங்காய் வறுவலுக்கே ஆபத்து என்ற நிலைமையை உண்டாக்கியது. விழித்துக்கொண்ட மத்திய அரசு, அசாம், கேரளம், ஒரிசா, தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வாழைக்கன்று வெளியே போகக்கூடாது என்று உத்தரவு போட்டது. வருஷம் 1959. பழத்துக்கு மட்டும் விலக்கு. விருந்தாளி வந்து, சாப்பிட்டு, குடியேறி, பிள்ளைகுட்டி பெற்ற பிறகு வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்ட உத்தரவு.

பிறகு மலையேற்றம். தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர் பக்கமெல்லாம் காப்பிச் செடிக்கு நிழலாக மலைவாழை நின்றது. அங்கே யாரும் புதுசாக வாழை வாங்கி நடுவதில்லை. ஒரு தடவை நட்டால் பக்கக்கன்று, அதன் பக்கக்கன்று என்று தலைமுறை தலைமுறையாக அதே குத்து நிற்கும். வேண்டியவர்களுக்கு அதிலிருந்தே பெயர்த்துக் கொடுப்பார்கள். வைரஸுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? தாய் மரத்தில் ஒருமுறை புகுந்துவிட்டால், கிழங்கு வழியாகக் கன்றுகளுக்கும் அது சொத்தாகப் போய்ச் சேரும். அசுவினி தன் பலத்தில் பரப்புவது பெரும்பாலும் சில பத்து மீட்டர் தூரம்தான். மைல்கணக்கில் பரப்புவது நாம்.

இவ்வளவு ஆட்டம் போட்ட ஆசாமியின் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேகீ "வைரஸ்" என்று கைகாட்டி அறுபது வருஷம் கழித்து, 1990களின் தொடக்கத்தில்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆய்வாளர்கள் 1995 வாக்கில் அதன் ஜாதகத்தை முழுசாக எழுதி முடித்தார்கள். பார்த்தால், வைரஸ் துகளின் குறுக்களவு சுமார் 18 முதல் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 50,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே இருப்பது ஒற்றை இழை டிஎன்ஏ, வட்ட வடிவம். ஒரு வட்டமில்லை, ஆறு வட்டம்.

ஆறு! சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆறுபடை வீட்டுக்கும் ஒரே வளாகத்தில் கோயில் கட்டி வைத்திருக்கிறோம். அந்த ஆறுமுகன் பிரசாதத்தில் கைவைக்க ஆறு துண்டாக ஒன்று வந்திருக்கிறது. சூரபத்மனுக்குக்கூட இந்த யோசனை தோன்றவில்லை.

ஒவ்வொரு வட்டத்திலும் ஏறக்குறைய ஆயிரம், ஆயிரத்து நூறு எழுத்து. ஆறையும் கூட்டினால் சுமார் 6,500 எழுத்து. மனித டிஎன்ஏவில் 300 கோடி எழுத்து. 300 கோடிக்காரன் 6,500க்காரனிடம் தோற்ற கதை இது. வட்டத்துக்கு ஒரு பெயர், ஒரு வேலை. ஆர் என்ற வட்டத்தின் புரதம் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும். எஸ் வட்டம் புரத உறை தயாரிக்கும். எம் வட்டத்தின் புரதம் செல்லிலிருந்து செல்லுக்கு நகர வழி செய்யும். என் வட்டத்தின் புரதம் செல்லின் உட்கருவுக்கும் வெளிக்குமாக நடமாடும். சி வட்டம் பெரிய கில்லாடி: பிரியாமல் சும்மா இருக்கும் செல்லைப் பிடித்து உலுக்கி, டிஎன்ஏ படியெடுக்கும் வேலையில் இறக்கிவிடும் புரதம் அதனுடையது. யூ-3 என்று ஆறாவது ஒன்று இருக்கிறது. அதன் வேலை என்ன என்பது உலகத்தில் யாருக்கும் இன்னும் தெளிவாகவில்லை. ஆனாலும் மற்ற ஐந்தோடு தவறாமல் படியெடுக்கப்பட்டுவிடும்.

சி வட்டம் எதற்காக உலுக்குகிறது? டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி வைரஸிடம் சொந்தமாக இல்லை. வாழையின் நொதியைத்தான் இரவல் வாங்கவேண்டும். வாழை செல் சும்மா இருந்தால் நொதியும் தூங்கும். ஆகவே முதலில் செல்லை எழுப்பிவிடுகிறது. உட்கருவுக்குள் புகுந்த ஒற்றை இழை வட்டத்துக்கு வாழையே துணை இழை தைத்து இரட்டை இழையாக்கித் தரும். பிறகு ஆர் வட்டத்தின் புரதம் வரும். ஆறு வட்டத்திலும் ஒரு கொண்டை வளைவு இருக்கிறது, அதன் உச்சியில் ஒன்பது எழுத்து ஒரே மாதிரி. சரியாக அந்த இடத்தில் ஒரு வெட்டு. வெட்டின முனையைப் பிடித்துக்கொண்டு, வாழையின் நொதி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து புது இழையை உருட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். வாழை தன் சாப்பாட்டைச் செலவழித்து, தன் ஆளை வேலைக்கு வைத்து, தன் சாவுக்குத் தானே அச்சடித்துத் தருகிறது.

இன்னொரு வினோதம். ஆறு வட்டமும் ஒரே உறைக்குள் போவதில்லை, தனித்தனி உறையில் தனித்தனியாகப் போகின்றன. அப்படியானால் ஆறும் ஒரே செல்லில் எப்படிக் கூடுகின்றன? 2019இல் பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்கள் இதன் பங்காளி வைரஸ் ஒன்றை ஆராய்ந்து சொன்னார்கள்: கூடவே வேண்டாம். ஒரு துண்டு ஒரு செல்லில், இன்னொன்று அடுத்த செல்லில் இருந்தபடியே, தயாரித்த புரதத்தைப் பரிமாறிக்கொண்டு காரியத்தை முடிக்கின்றன.

ஜாதகம் கையில் வந்ததும் கோத்திரம் பார்த்தார்கள். மயிலாப்பூரில் கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிடக் கறாராகவே பார்த்தார்கள். உலகத்து முடிக்கொத்து வைரஸெல்லாம் இரண்டே கோத்திரம். பிலிப்பைன்ஸ், தைவான், வியட்நாம் வகையறா ஒன்று. பிஜி, ஆஸ்திரேலியா, எகிப்து, இந்தியா எல்லாம் இன்னொன்று. நம் மலைவாழையைக் கெடுத்ததும் பிஜித் தீவில் ஏற்றுமதியைக் கவிழ்த்ததும் ஒரே கோத்திரத்துப் பங்காளிகள். எந்தக் கப்பல், எந்தத் துரை, எந்தப் பெட்டி என்பதற்கு ரசீது கிடையாது. ஆனால் வம்சம் மறைக்க முடியாதபடி 6,500 எழுத்தில் எழுதியிருக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்க ஆய்வகம்தான் வேண்டும் என்பதில்லை. கொல்லையில் குளியலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் நிற்கிற வாழையின் இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். காம்பிலும் நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் கரும்பச்சையில் சின்னச் சின்னப் புள்ளியும் கோடுமாக ஓடும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நரம்பில் ஓடும் கரும்பச்சைக் கோடு நடுநரம்பை ஒட்டும் இடத்தில் கொக்கிபோல் வளைந்திருக்கும். விஞ்ஞானிகளே இந்தப் புள்ளி, கோடுகளை மோர்ஸ் கோடு என்றுதான் சொல்கிறார்கள். தந்தி சேவையை இந்தியாவில் 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். வாழை இன்னும் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறது, வாங்கிப் படிக்கத்தான் ஆளில்லை. அடிமட்டையை லேசாக விலக்கினால் பழுப்புக் கறுப்பாக, குண்டூசித் தலையளவில் அசுவினிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். எல்லாம் பெண். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அது கசியவிடும் தேனை நக்க வரிசையாக எறும்பு வரும், காவலும் இருக்கும். சில மணி நேரம் நோய் மரத்தில் சாறு குடித்த அசுவினிக்குள் வைரஸ் ஏறிவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில், போகிற மரத்துக்கெல்லாம் அன்பளிப்பு.

இதில் மோசமான விஷயம், வைரஸ் புகுந்த கன்று பல வாரம் பார்க்கத் தளதளவென்றே இருக்கும். கொடுக்கிற கைக்கும் தெரியாது, வாங்குகிற கைக்கும் தெரியாது. எல்லாத் துரையும், எல்லாத் தோட்டக்காரரும் ஏமாந்தது இந்தத் தளதளப்பில்தான்.

விஞ்ஞானம் கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1993இல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்பு விருப்பாச்சிக் கன்றுகளை மலைக்கு அனுப்பியது. விருப்பாச்சி, சிறுமலை இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஆனால் திசு வளர்ப்பு என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. சோதிக்காத தாய் மரம் ஒன்றிலிருந்து திசு எடுத்தால், பழைய கர்ணன் ஐந்து கன்று கொடுத்த இடத்தில் புதுக் கர்ணன் ஐயாயிரம் கொடுப்பான். இதற்காகத்தான் மத்திய அரசு 2006இலிருந்து திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றிதழ் முறை வைத்திருக்கிறது.

ஆகவே அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் வாழ் தோட்டப் பிரியர்களே, இது உங்களுக்கு. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "எங்க வீட்டு வாழையில அஞ்சு கன்னு இருக்கு, யாருக்கு வேணும்?" என்று செய்தி வந்தால் கைதூக்காதீர்கள். வாழை வைக்க ஆசையிருந்தால் சான்றிதழ் உள்ள கன்றை வாங்குங்கள். நிற்கிற மரம் முடிக்கொத்தாகிவிட்டால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதலில் அசுவினியைக் கொல்லுங்கள். மரத்தை முதலில் சாய்த்தால் பசித்த பூச்சி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு கிழங்கு, பக்கக்கன்று எதையும் மிச்சம் வைக்காமல் குத்தோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டி அழியுங்கள். கர்ணனாக இருந்தே தீருவேன் என்றால், தாராளமாகப் பழத்தைக் கொடுங்கள், 1959 உத்தரவிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. கன்றை மட்டும் கொடுக்காதீர்கள்.